வெளிநாட்டுக் கைபேசியில் உள்ளூர் சிம்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டறியும் வழிமுறை

என் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள்: "சிம் போட்டேன், டவர் எடுக்கவில்லை." வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத வீடு குறைவாக உள்ள ராமநாதபுரம் பக்கத்தில், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கைபேசி இருக்கும். ஆனால் டவர் எடுக்காமைக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு காரணங்கள் உண்டு. கைபேசி ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். ஐஎம்இஐ எனப்படும் அதன் தனி அடையாள எண் தடைப்பட்டியலில் இருக்கலாம். இங்குள்ள அலைவரிசையைப் பிடிக்கும் திறன் அதற்கு இல்லாமல் இருக்கலாம். அல்லது எல்லாத் திறனும் இருந்தும், குரல் அழைப்புக்கான அனுமதி மட்டும் அதன் மென்பொருளில் இல்லாமல் இருக்கலாம். இந்த நான்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், பூட்டைத் திறக்க வேண்டிய கைபேசிக்கு மென்பொருள் ஏற்றிக் கெடுப்பதும், நல்ல கைபேசியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கின்றன.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

பணம் செலவழிக்கும் முன், சிம்மை மாற்றிப் போட்டுப் பாருங்கள். உங்கள் சிம்மை, அதே நிறுவனத்தின் சேவையில் ஏற்கெனவே நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் வேறொரு கைபேசியில் போடுங்கள். பிறகு வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி உங்கள் கைபேசியில் போடுங்கள். உங்கள் சிம் இரண்டு கைபேசிகளிலும் இயங்காவிட்டால் கோளாறு சிம்மில் இருக்கிறது. உங்கள் கைபேசி எந்தச் சிம்மையும் ஏற்காவிட்டால் பூட்டையும் ஐஎம்இஐயையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் சிம் இயங்கி மற்றொன்று இயங்காவிட்டால், அது அலைவரிசை அல்லது குரல் அழைப்புச் சிக்கலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கூடவே *#06# என்று அழுத்திப் பாருங்கள். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வர வேண்டும். எண்ணே வராமலோ வெறும் பூஜ்யங்களாகவோ வந்தால் கைபேசியின் ரேடியோப் பகுதியே பழுதாகியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் சிம் என்பது அங்கே பொருட்டல்ல, கீழே உள்ளவை எவையும் உதவா.

அறிகுறி: "சிம் செல்லாது" அல்லது "நெட்வொர்க் அன்லாக் பின்" என்று திரை கேட்கிறது

இது பூட்டு. அமெரிக்காவில் நிறுவனங்கள் தவணை முறையில் விற்கும் கைபேசிகளில் இது இன்றும் வழக்கம். நம் ஊரில் கைபேசியை ஒரு கடையிலும் சிம்மை மற்றொரு கடையிலும் வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடே புதிதாகத் தோன்றும். 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்த் திட்டத்தில் கொடுத்த சிடிஎம்ஏ கைபேசிகளும், 2017-இல் வந்த ஜியோபோனும்தான் இங்கே பலரும் கண்ட விதிவிலக்குகள். கனடா 2017 டிசம்பரிலும், ஜப்பான் 2021 அக்டோபரிலும், பிரிட்டன் 2021 டிசம்பரிலும் பூட்டிய கைபேசி விற்பதை நிறுத்தச் செய்துவிட்டன. ஆகவே இந்த நாடுகளிலிருந்து வந்த கைபேசி அதற்குப் பின் விற்கப்பட்டதென்றால் பூட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று உள்ளே சென்று கீழே நகர்த்தினால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அதற்கு எதிரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. வேறு எது இருந்தாலும் பூட்டு உண்டு. அதைத் திறக்க வல்லது முதலில் கைபேசியை விற்ற அந்த நிறுவனம் மட்டுமே. தவணை முழுவதும் கட்டி முடிந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாள்கள் அந்தச் சேவையில் கைபேசி இயங்கியிருக்க வேண்டும் என்பவை அவர்கள் கேட்கும் நிபந்தனைகள்; எனவே கைபேசியை அனுப்பிய உறவினர் அங்கிருந்தே விண்ணப்பிப்பதுதான் சரியான வழி. ஆண்ட்ராய்டு கைபேசியில் பூட்டுத் திறக்கும் எண்ணைத் திரை கேட்டால், இணையத்தில் கிடைக்கும் எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்காதீர்கள். வாய்ப்புகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அவை தீர்ந்துவிட்டால், பிறகு சரியான எண் கிடைத்தாலும் கைபேசி ஏற்காது.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் பழைய ஐபோன் ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று மாதம் நன்றாக ஓடியதாகவும், ஒரு மென்பொருள் மேம்படுத்தலுக்குப் பிறகு சேவை போய்விட்டதாகவும் சொன்னார். சிம் தட்டை வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தபோது, சிம்மின் பொன்னிறப் பரப்பின்மேல் நகத்தால் பெயர்க்கக்கூடிய மெல்லிய பச்சைத் தகடு ஒன்று ஒட்டியிருந்தது. சிம்மின் அடையாளத்தை இடையில் நின்று மாற்றிச் சொல்லி, பூட்டிய கைபேசியை ஏமாற்றும் சில்லு அது. அவருக்கு விற்றவர் பூட்டைத் திறக்கவில்லை. பூட்டின் மேல் ஒரு திரை போட்டிருக்கிறார். இரண்டாம் கையாக ஐபோன் வாங்குகிறவர்கள் சிம் தட்டைத் தாங்களே வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

சாம்சங்கில் மற்றொரு வகை உண்டு. எந்த நிறுவனத்துக்கும் பூட்டப்படாத கைபேசியாக இருந்தாலும், விற்கப்பட்ட வட்டாரத்தின் சிம்மைக் கொண்டு மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசி முடித்த பிறகே வேறு வட்டாரத்தின் சிம்மை ஏற்கும் வகையில் பல மாடல்கள் அமைக்கப்பட்டுள்ளன. பெட்டியின் மேலுள்ள ஒட்டுச்சீட்டில் இது எழுதியிருக்கும், ஆனால் அதை யாரும் படிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டி பிரிக்காமல் பரிசாகக் கொண்டுவருகிறவர்கள், கிளம்பும் முன் அங்கேயே பிரித்து, அங்குள்ள சிம்மைப் போட்டு, வீட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டு மறுபடி பெட்டியில் வைப்பது இதைத் தவிர்க்கும்.

அறிகுறி: கையால் தேடினால் நிறுவனப் பெயர்கள் தெரிகின்றன, எதிலும் சேர முடியவில்லை

மொபைல் நெட்வொர்க் அமைப்பில் தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, நீங்களே நிறுவனத்தைத் தேடித் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. கோளாறைப் பிரித்தறிய இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயரே வரவில்லை என்றால், அதன் அலைவரிசையைக் கைபேசி கேட்கவில்லை என்று பொருள். பெயர் வந்தும், தொட்டவுடன் மறுக்கப்படுகிறது, அதுவும் எல்லா நிறுவனங்களிலும் மறுக்கப்படுகிறது என்றால், கைபேசியின் ஐஎம்இஐ தடுக்கப்பட்டிருக்கலாம்.

தொலைந்த கைபேசியின் ஐஎம்இஐ எண்ணை நாடு முழுவதும் எல்லா நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் தடுக்கும் ஏற்பாடு, 2023 மே மாதம் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதில் நிலையை அறிய, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று பெரிய எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஐஎம்இஐ எண் என்று எழுதி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். தடைப்பட்டியலில் உள்ளது என்றோ, அதே எண் வேறு கைபேசியிலும் பயன்பாட்டில் உள்ளது என்றோ பதில் வந்தால், கைபேசியை விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதைத் தவிர நேர்மையான வழி வேறில்லை. ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று யாரேனும் முன்வந்தால் விலகிவிடுங்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன்படி அது மூன்று ஆண்டுவரை சிறையோ, ஐம்பது லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படக்கூடிய குற்றம்.

அறிகுறி: இணையம் ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை

கடைக்கு வரும் வெளிநாட்டுக் கைபேசிகளில் மிகுதியாகக் காண்பது இதுதான். மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். யூடியூப் ஓடுகிறதே, அப்படியானால் சிம்மும் டவரும் சரிதானே, பிறகு ஏன் அழைப்பு போகாது என்று கேட்பார்கள்.

4ஜி வலையமைப்பு தரவை மட்டுமே சுமக்கத் தெரிந்தது. 2ஜியிலும் 3ஜியிலும் இருந்ததுபோல் குரலுக்கென்று தனி வழி அதில் கிடையாது. ஆகவே அழைப்பு வரும்போது கைபேசிக்கு முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, 4ஜியை விட்டு இறங்கி 2ஜியிலோ 3ஜியிலோ பேசிவிட்டுத் திரும்ப ஏறுவது. மற்றொன்று, குரலையும் தரவாக மாற்றி 4ஜியிலேயே அனுப்புவது. இரண்டாவதற்குத்தான் வோல்ட்டீ என்று பெயர். ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் ஆகியவற்றில் இறங்கிப் பேச 2ஜி இன்னும் இருக்கிறது. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. எனவே வோல்ட்டீ இயங்காத கைபேசியில் ஜியோ சிம்மைப் போட்டால் இணையம் ஓடும், ஆனால் அழைப்புக்கு வழியே இருக்காது. ஐபோன் 5எஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அதில் 4ஜி உண்டு, வோல்ட்டீ இல்லை. சில கைபேசிகள் இன்னும் ஒரு படி மேலே போய், குரலுக்கு வழியில்லை என்று தெரிந்தவுடன் அந்த 4ஜி சேவையிலிருந்தே விலகிக்கொண்டு 'சேவை இல்லை' என்று காட்டும். அவற்றில் இந்த அறிகுறி அலைவரிசைச் சிக்கல்போல வேடம் போடும்.

உங்கள் கைபேசி எந்தப் பாதையில் போகிறது என்பதைத் திரையின் மேல்விளிம்பைக் கொண்டே அறியலாம். ஓர் அழைப்பு செய்துவிட்டு, மணி அடிக்கும்போது 4ஜி என்ற குறியைக் கவனியுங்கள். அது மறைந்து ஆங்கில 'ஈ' அல்லது 2ஜி என்று மாறினால் கைபேசி இறங்கிப் பேசுகிறது. பேசிக்கொண்டிருக்கும்வரை வாட்ஸ்அப் செய்திகள் வராமல், அழைப்பை வைத்தவுடன் மொத்தமாக வந்து விழுவதும் இதே காரணத்தால்தான். 4ஜி குறி அப்படியே நின்று அழைப்பும் போனால் வோல்ட்டீ இயங்குகிறது.

வன்பொருள் இருந்தும் வோல்ட்டீ இயங்காமல் போவது ஏன் என்பதுதான் பலருக்கும் விளங்காத இடம். ஒவ்வொரு நிறுவனத்தின் குரல் வழங்கியோடு எப்படிப் பேச வேண்டும் என்ற அமைப்புக்கோப்பு கைபேசியின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்காகவே தயாரித்த மாடலில் அமெரிக்க நிறுவனங்களின் கோப்புகள் மட்டும் இருக்கும். ஜியோவின் பெயரே அதற்குத் தெரியாது. ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் முயன்று பாருங்கள். முதலில் கைபேசியின் மென்பொருளை முழுவதும் மேம்படுத்திவிட்டு, சிம்மை உள்ளே வைத்தபடியே ஒருமுறை அணைத்து இயக்குங்கள். ஐபோனில் நிறுவன அமைப்பை மேம்படுத்தலாமா என்று ஒரு கட்டம் தானாக எழும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, மொபைல் நெட்வொர்க் அமைப்பில் வோல்ட்டீ அல்லது '4ஜி காலிங்' என்ற பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். பொத்தானே தெரியவில்லை என்றால் அந்தச் சிம்முக்குரிய கோப்பு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் *#*#4636#*#* என்று அழுத்தினால் சோதனைப் பக்கம் திறக்கும். அதில் ஐஎம்எஸ் நிலை என்ற பகுதியில் 'ரெஜிஸ்டர்ட்' என்று இருந்தால் குரல் வழங்கியோடு கைபேசி இணைந்துவிட்டது, 'நாட் ரெஜிஸ்டர்ட்' என்றால் இல்லை. கடைசியாக, நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் அழித்துப் புதிதாக்குங்கள்; சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் அதோடு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இயங்கவில்லை என்றால் இந்திய மென்பொருளை ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. வேறு நாட்டு மென்பொருள் ஏற்றியதில் ஐஎம்இஐ அழிந்த கைபேசிகளையும், வங்கிச் செயலிகள் திறக்க மறுத்த கைபேசிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை 2ஜி உள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வது, அல்லது அந்தச் சிம்மை இணையத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு அழைப்புக்கு இரண்டாவது சிம் போட்டுக்கொள்வது மலிவான தீர்வு.

அறிகுறி: மாடியில் சிக்னல் இருக்கிறது, அறைக்குள் இல்லை, அருகிலிருப்பவரின் கைபேசியில் இருக்கிறது

இது அலைவரிசைச் சிக்கல். ஜியோவின் 4ஜி, 850 மெகாஹெர்ட்ஸ் எனும் பேண்டு 5, 1800 எனும் பேண்டு 3, 2300 எனும் பேண்டு 40 ஆகியவற்றில் இயங்குகிறது. ஏர்டெல் பேண்டு 3, 40 ஆகியவற்றோடு 900 எனும் பேண்டு 8-ஐயும் 2100 எனும் பேண்டு 1-ஐயும் பயன்படுத்துகிறது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 எனும் பேண்டு 28-உம் 2100-உம் முக்கியம். மெகாஹெர்ட்ஸ் எண் குறையக் குறைய அலை சுவரைத் துளைத்து நெடுந்தூரம் செல்லும். அந்த எண் கூடக்கூட வேகம் கிடைக்கும், ஆனால் சுவரில் தேய்ந்துபோகும். பேண்டு 5 இல்லாத ஜப்பானியக் கைபேசி ஒன்று மொட்டைமாடியில் பேண்டு 40-ஐப் பிடித்துப் பறக்கும்; படியிறங்கி நடுக்கூடத்துக்கு வந்தவுடன் விழுந்துவிடும். அமெரிக்க நிறுவன மாடல்களில் இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்க்கலாம்: பேண்டு 5 அங்கேயும் உண்டு என்பதால் அறைக்குள்ளும் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் 40 இல்லாததால் மாலை ஏழு மணிக்கு மேல் காணொளி சுற்றிக்கொண்டே நிற்கும்.

எந்தப் பேண்டில் இருக்கிறோம் என்பதைச் சாம்சங்கில் *#0011# என்றும், ஐபோனில் *3001#12345#* என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தொட்டும் பார்க்கலாம். கைபேசி எந்தெந்தப் பேண்டுகளை ஏற்கும் என்பதைப் பெயரைக் கொண்டு தேடாமல், பின்புறமோ பெட்டியிலோ உள்ள மாடல் எண்ணைக் கொண்டு தேடுங்கள். ஒரே பெயரில் விற்கும் கைபேசிக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண்ணும் பேண்டுகளும் வேறுபடும். இல்லாத பேண்டை எந்த மென்பொருளும் கொண்டுவந்துவிடாது. வளைகுடாவில் விற்கும் பன்னாட்டு மாடல்களில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு.

அறிகுறி: அழைப்பு உண்டு, இணையம் இல்லை அல்லது 2ஜியிலேயே நிற்கிறது

மூன்று இடங்களைப் பாருங்கள். இணையத்தோடு இணையக் கைபேசி பயன்படுத்தும், ஏபிஎன் எனப்படும் அணுகல் பெயரில் பழைய நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றி இருக்க வேண்டும். அடுத்தது சிம்மின் வயது: பழைய 2ஜி சிம்மில் 4ஜிக்கு வேண்டிய பகுதி கிடையாது; கைபேசி எவ்வளவு புதியதானாலும் அந்தச் சிம் 4ஜிக்குள் நுழையாது, அதே எண்ணில் புதிய சிம் வாங்க வேண்டும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபின், மேசையறையில் கிடந்த பிஎஸ்என்எல் சிம்மைத் தேடியெடுத்துப் போட்ட பலரும் இந்த இடத்தில்தான் நின்றார்கள். மூன்றாவது, ஏழெட்டு ஆண்டு பழைய இரட்டைச் சிம் கைபேசி என்றால் ஒரு பொந்து மட்டுமே 4ஜி ஏற்கக்கூடும். இடம் மாற்றிப் போட்டாலே சரியாகிவிடும்.

அதே எண்ணுக்கு மாற்றி வாங்கிய புதிய சிம் இயங்கத் தொடங்கிய முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தப்பட்டிருக்கும். சிம்மைக் களவாடிப் பணம் எடுப்பதைத் தடுக்க வந்த விதி அது. வங்கியின் ஓடிபி வரவில்லை என்று அன்றைக்கே கைபேசியைக் குறை சொல்லாதீர்கள். சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றவும் முடியாது.

அறிகுறி: 5ஜி கைபேசி, 4ஜி மட்டும் வருகிறது

இங்கும் அனுமதிதான் பெரும்பாலும் காரணம். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. வேண்டிய வன்பொருள் முழுவதும் இருந்த ஐபோன்களில் அது டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகே இயங்கியது. ஜியோவின் 5ஜி 4ஜியின் துணையின்றித் தனித்து நிற்பது, ஏர்டெல் 4ஜியின் மேல் சாய்ந்து தொடங்கியது. எனவே ஒரே வெளிநாட்டுக் கைபேசியில் ஏர்டெல்லில் 5ஜி வந்து ஜியோவில் வராமல் இருப்பது வியப்பல்ல. இவ்விரு நிறுவனங்களிலும் 4ஜி சிம்மே போதும், 5ஜி சிம் என்று தனியாக யாரும் விற்றால் வாங்காதீர்கள்.

அறிகுறி: சிம் போடவே இடமில்லை

அமெரிக்காவில் ஐபோன் 14 முதலும், வளைகுடா நாடுகளில் ஐபோன் 17 முதலும் சிம் தட்டு இல்லாத மாடல்கள் வருகின்றன. அவற்றில் கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டுமே. *#06# அழுத்தினால் வரும் ஈஐடி எனப்படும் 32 இலக்க இ-சிம் அடையாள எண்ணையும் ஐஎம்இஐ எண்ணையும் குறித்துக்கொண்டு உங்கள் நிறுவனத்திடம் கேட்டால் இ-சிம்மாக மாற்றித் தருவார்கள். அதை ஒரு கைபேசியில் ஏற்றிய கியூஆர் படம் பொதுவாக மறுமுறை பயன்படாது. கைபேசியை முழுவதும் அழிக்கும்போது 'இ-சிம்மையும் நீக்கவா' என்று கேட்டால் அவசரத்தில் ஆம் என்று தொட்டுவிடாதீர்கள்.

இங்கிருந்து அங்கே போகும் கைபேசி

எதிர்த் திசையிலும் இதே குரல் சிக்கல் காத்திருக்கிறது. சிங்கப்பூர் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டதால், பெரியவர்கள் விரும்பும் 2ஜி பொத்தான் கைபேசி இங்கே எவ்வளவு உழைத்தாலும் அங்கே இறங்கியவுடன் ஊமையாகிவிடும். ஆஸ்திரேலியா 2024 அக்டோபர் இறுதியில் 3ஜியை நிறுத்தியதோடு, அவசர எண் 000-ஐ வோல்ட்டீ வழியாக அழைக்க இயலாத கைபேசிகளைச் சேவையிலிருந்தே விலக்கச் சொல்லியிருக்கிறது. அங்கே 4ஜி இணையம் ஓடக்கூடிய கைபேசியும் இந்தக் காரணத்தால் முழுவதுமாக மறுக்கப்படலாம். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தன் பட்டியலில் உள்ள மாடல்களை மட்டுமே ஏற்கிறது. ஆகவே மகனையோ மகளையோ பார்க்கப் புறப்படும் பெற்றோரின் கைபேசி மாடல் எண்ணைப் பிள்ளைகள் அங்கிருக்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே சோதித்துவிட வேண்டும். ஏற்காது என்று தெரிந்தால், அங்கே போய் இறங்கும்வரை காத்திராமல் அங்கு விற்கும் எளிய கைபேசி ஒன்றை வாங்கி வைத்து, ஊர் சிம்மை வங்கிக் குறுஞ்செய்திக்காகப் பழைய கைபேசியிலேயே விட்டுவரச் சொல்லலாம்.